பதினைந்தாவது மீட்டர்

ஒரே வாரத்தில் அயின் ஸஃப்ஸாஃப் ஊரின் மேட்டுத்தெரு முழுக்க அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டது. சுப்ஸ்ட்ராட்டம். முடிவெட்டுகிறவன் என் காதோரம் கத்தரியை நிறுத்திவிட்டு, "மெஸ்ஊத் அண்ணே, எங்க கடைக்குக் கீழ சுப்ஸ்ட்ராட்டம் எத்தனை மீட்டர்ல வரும்?" என்று கேட்டான். காய்கறிக்காரன் தக்காளியை எடை போட்டபடியே, "நேத்து கனவுல நல்ல சுப்ஸ்ட்ராட்டமா கெடச்சுது, இன்ஷா அல்லா பலிக்கும்" என்றான். என்னமோ நான் அதைக் கிலோக்கணக்கில் பையில் வைத்து விற்கிற மாதிரி.

எனக்கு எரிச்சல் வந்தது. இருபத்தேழு வருஷமாக மண்ணில் போர் போட்டுச் சாப்பிடுகிறவன் நான். அந்தச் சொல்லை நானே அத்தனை சுலபமாக வாயில் எடுக்க மாட்டேன்.

பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன சொல் அது. எங்கள் அல்ஜீரிய அலுவலகங்களில் இன்னும் அதைத்தான் எழுதுகிறார்கள். பொருள் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மேலே இருக்கிற மண்ணெல்லாம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது: மழை கொண்டுவந்தது, மலையிலிருந்து உருண்டது, மனுஷன் கொட்டியது. அதற்கெல்லாம் அடியில், யாரும் கொண்டுவராமல் ஆதியிலிருந்தே கிடக்கிற பாறைதான் சுப்ஸ்ட்ராட்டம். மேலே உள்ளது வழுக்கும். அது வழுக்காது.

அந்த வருஷ மழைக்கு மேட்டுத்தெரு வழுக்க ஆரம்பித்திருந்தது. சுவர்களில் கை நுழைகிற அளவு விரிசல். அதனால்தான் எங்களை அனுப்பினார்கள். ஒரு வீட்டுக்கு அடியில் இந்தச் சொல்லை அறிக்கையில் எழுதினால் வாசலில் பச்சை மை அடிப்பார்கள், வீடு நிற்கும். எழுதாவிட்டால் சிவப்பு. வீட்டை இடித்து, ஆட்களைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுநகர் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைப்பார்கள்.

எழுதுவதற்கு ஒரு விதி உண்டு. பாறை தட்டிய உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. மலையிலிருந்து உருண்டு வந்து களிமண்ணில் புதைந்த பெரிய கல்லாகவும் அது இருக்கலாம். ஐந்து மீட்டர் விடாமல் பாறைக்குள் போகவேண்டும். வெளியே எடுத்த உருளைத் துண்டுகளை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கவேண்டும். பெட்டியில் மீட்டர் நீளத்துக்கு ஐந்து பள்ளம். பிரெஞ்சுப் புத்தகம் படிக்கிற மாதிரி, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். இடது மூலையில் இருப்பது மேல்மண், வலது கடைசியில் இருப்பது ஆழம். எஞ்ஜினியர் வந்து அப்படித்தான் படிப்பார்.

ஏழாவது துளை லூயிஸா அக்கா வீட்டு முற்றத்தில்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் போய் ரொம்ப வருஷம். ஒரே பையன் ஃபாரிஸ், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்கிக்டா கரையிலிருந்து பதினோரு பேரோடு சின்னப் படகில் கடலைத் தாண்டப் போனான். படகைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கரை சேர்ந்ததாகவும் இல்லை, உடல் ஒதுங்கியதாகவும் இல்லை.

முதல் நாள் நான் மெஷினை இறக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தம்பி, நீ என்ன வேணா தோண்டு. ஆனா என் போன் மணி அடிச்சா மெஷின நிறுத்திரணும்."

சுவர் மாடத்தில் பழைய கம்பி போன் ஒன்று, மேலே பின்னல் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"கைபேசி இல்லையா அக்கா?"

"இருக்கு. அவனோடதுதான். தண்ணியில நனைஞ்சுரும்னு மேசையில வச்சுட்டுப் போயிட்டான். 'வேற எந்த நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லம்மா, நம்ம வீட்டு நம்பர்தான் தெரியும், கரையேறுனதும் அடிக்கிறேன்'னான். இந்த நம்பர் புதுநகருக்கு வராதாம். அந்த ஏரியா வேறயாம். போன் ஆபீஸ்ல போய்ச் சண்டையே போட்டுட்டேன்."

எனக்குப் பின்னால் நின்ற துஹாமி தலையைக் குனிந்துகொண்டான். துஹாமிதான் எங்கள் குழுவில் பெட்டி அடுக்குகிறவன், பெரிய வாயாடி. 

அன்றிலிருந்து அக்கா மாடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். மணி அடித்தால் தலையில் கட்டியிருக்கிற மஞ்சள் துணியை அவிழ்த்து எனக்கு வீசிக் காட்டுவாள். நான் உடனே எஞ்ஜினை அணைப்பேன். முற்றமே மூச்சுப் பிடித்து நிற்கும். அவள் ஓடிப்போய் எடுப்பாள். "ஆமா... ஆமா... நல்லா இருக்கேன்" என்பாள். தங்கச்சிதான், பத்னாவிலிருந்து, தினம் ஒருதரம். ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "என் தங்கச்சி" என்பாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஒரு நாள் ராங் நம்பர் ஒருத்தன் அடித்து, கோழி தீவனம் இருக்கிறதா என்று கேட்டான். அவனிடமும் பத்து நிமிஷம் பேசினாள், எந்த ஊர், கடற்கரைப் பக்கமா என்று.

காலையில் சூடு ரவை ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காப்பி. மதியம் ஏதாவது ஒரு குழம்பு. முற்றத்தில் வேலை செய்கிறவனைப் பட்டினி போட்டால் அந்த வீட்டுக்கு அவமானம். துஹாமி இரண்டாம் நாளே சொல்லிவிட்டான்: "இந்த அக்கா வீட்டுக்கு அடியில சுப்ஸ்ட்ராட்டம் இல்லேன்னா நான் பாறை வாங்கிட்டு வந்து போட்டுருவேன்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் மனைவி போய் மூன்று வருஷம். என் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது, அது அடிப்பதே இல்லை. ஒரு மணிச்சத்தத்துக்காக ஒரு மனுஷி ஆறு வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், அந்த ஸ்டூலையும் பிடுங்கணுமா என்று இருந்தது எனக்கு.

ஐந்தாம் நாள் பத்து மீட்டரில் பாறை தட்டியது. நல்ல வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாம் முழுசு முழுசாக வந்தது. தட்டினால் வெண்கலச் சத்தம். துஹாமி ஒவ்வொரு துண்டையும் முத்தமிட்டுப் பெட்டியில் வைத்தான்.

"நக்கல் பண்ணாதடா" என்றேன்.

"உனக்கு எப்பவும் அழுமூஞ்சி. பதினாலும் தாண்டட்டும், உனக்கும் ஒரு முத்தம் தர்றேன்."

ஆறாம் நாள் வியாழக்கிழமை. பதினாலு முடிந்தது, அதுவும் பாறை. இன்னும் ஒரே ஒரு மீட்டர். அந்த நேரம் பார்த்து துஹாமியின் கடைவாய்ப் பல் கொந்தளித்துவிட்டது. கன்னம் பூரி மாதிரி உப்பி, கண்ணில் தண்ணீர். "போய்ப் புடுங்கிட்டு வா" என்று விரட்டினேன். பெட்டி அடுக்க ஆள் இல்லை.

"நான் வைக்கிறேன்" என்றாள் அக்கா. "ஆறு நாளா பாத்துட்டுத்தான இருக்கேன்."

கடைசி மீட்டரை நான் இறக்கினேன். அறுபது சென்டிமீட்டர் வரை மெஷின் கடித்துக் கடித்துப் போனது. அப்புறம் கையில் இருந்த நெம்புகோல் லேசாக இறங்கியது. கூழில் கரண்டி விட்ட மாதிரி. இருபத்தேழு வருஷக் கை. அந்தக் கைக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. பழைய மெஷின், பிடி வழுக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழாயை மேலே எடுத்து, தட்டிலே கொட்டினேன். துண்டுகள் வரிசை மாறாமல் வந்து படுத்தன. ஒரே சேறு.

"மேல் துண்டுலேருந்து ஒண்ணொண்ணா எடுத்து வை அக்கா" என்றேன். மெஷினைக் கழுவப் போய்விட்டேன். போகாமல் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ராதியா வந்தாள். கான்ஸ்டன்டீன் அலுவலகத்து எஞ்ஜினியர். முப்பது வயது, முழங்கால் வரை பூட்ஸ், யாருக்கும் தலையாட்டாத பெண். பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பள்ளத்தில் நின்றாள்.

"பதினாலுலேருந்து நாப்பது சென்டிமீட்டர் களிமண். அதுக்கப்புறம் மறுபடி அறுபது பாறை." பென்சிலால் காதைச் சொறிந்தாள். "விரிசல்ல எறங்குன களிமண்ணா இருக்கும். சுண்ணாம்புப் பாறையில சகஜம்தான். கீழ பாறை தொடருதே. கையில ஏதாச்சும் தெரிஞ்சுதா மெஸ்ஊத் அண்ணே?"

எப்போதும் கேட்கிற கேள்வி. நானும் எப்போதும் உண்மை சொல்கிறவன்தான்.

"பழைய மெஷின். என்னத்தத் தெரியப்போகுது" என்றேன்.

அவள் எழுதினாள். அந்தச் சொல்லை அவள் எழுதுவதை நான் பார்த்தேன். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, பத்து மீட்டரிலிருந்து. அப்புறம் நிமிர்ந்து அக்காவிடம், "வீடு நிக்கும்மா" என்றாள்.

அக்கா போட்ட குலவை அந்த மேடு முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்துப் பதில் குலவை போட்டார்கள். அவள் நேராக உள்ளே ஓடி போனைத் தொட்டு அந்தக் கையை உதட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு ராதியாவைப் பிடித்து இழுத்துப்போய் கூஸ்கூஸ் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

நான் பெட்டியைப் புகைப்படம் எடுக்கத் தயார் செய்தேன். பள்ளத்தில் மீட்டர் எண் எழுதவேண்டும், அவ்வளவுதான் வேலை. அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அக்கா துண்டுகளைக் கழுவி, துணியால் துடைத்து வைத்திருந்தாள். களிமண்ணைக்கூடக் கையால் உருட்டி அழகாக வைத்திருந்தாள்.  என் கை சொன்னது முதலில் கடினம், அப்புறம் மெத்து. பெட்டி சொல்வது முதலில் மெத்து, அப்புறம் கடினம். இரண்டில் ஒன்று பொய்.

பேசாமல் எண்ணை எழுதிப் படம் எடுத்துவிட்டால் முடிந்தது. துஹாமி வந்து முத்தம் தருவான். அக்கா ஸ்டூலில் உட்காருவாள். அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ, அந்த ஸ்டூலோடு, போனோடு, கூரை அவள்மேல் இறங்கும்.

கையைத் துடைத்துக்கொண்டு, காப்பித் தட்டோடு வந்த அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, தட்டுலேருந்து மொதல் துண்ட எடுத்து எந்தப் பக்கம் வச்ச?"

"இது என்ன கேள்வி? வலது பக்கம்." சிரித்தாள். "பிஸ்மில்லா சொல்லி வலதுலேருந்து ஆரம்பிச்சேன். நல்ல காரியத்த எவனாச்சும் இடது பக்கத்துலேருந்து ஆரம்பிப்பானா?"

நான் திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"தப்பா வச்சுட்டேனா?"

"நீ சரியாத்தான் வச்ச. நாங்கதான் திருப்பிப் படிக்கிறவங்க." கடைசிப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். "பாறை மொதல்ல. களிமண்ணு கடைசியில. பாறை முடிஞ்சு போச்சு அக்கா. அது உருண்டு வந்த கல்லு. நாலரை மீட்டர் கல்லு. உன் வீடு அது மேல உக்காந்திருக்கு, கல்லு களிமண்ணு மேல உக்காந்திருக்கு."

காப்பித் தட்டைச் சுவரோரம் மெதுவாக வைத்தாள்.

"நீ கேக்காம இருந்திருக்கலாமே தம்பி" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"உன் ரொட்டிய ஆறு நாள் தின்னேன் அக்கா."

"அதனாலதான் சொல்றேன். கேக்காம இருந்திருக்கலாம். செத்தா நான்தான சாகப்போறேன்? அவன் அடிக்கும்போது யாரு எடுப்பா? சொல்லு. அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, அம்மா செத்துட்டான்னு நெனச்சுக்க மாட்டானா?"

 

நான் உள்ளே போய் ராதியாவிடம் சொன்னேன். வாயில் வைத்த கரண்டியை அப்படியே வெளியே எடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கையில ஒண்ணும் தெரியலன்னீங்களே?"

"தெரிஞ்சுது. சொல்லல."

அவள் கத்தவில்லை. எழுதிய தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டாள். "மெஷினப் போடுங்க" என்றாள். அன்று மாலைக்குள் இன்னும் பதினோரு மீட்டர் போனோம். இருபத்தாறு வரை. நீலக் களிமண், அல்வா மாதிரி. ஒரு கூழாங்கல்கூடத் தட்டவில்லை. வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்த துஹாமி பெட்டிகளைப் பார்த்துவிட்டு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று மணி ஒருதரம் அடித்தது. அக்கா துணியை வீசவில்லை, ஸ்டூலிலிருந்து எழுந்ததை மட்டும் பார்த்தேன். ஆனாலும் நான் மெஷினை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சிவப்பு மை அடித்தார்கள். தெரு முழுக்க ராதியாவைத் திட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். துளைக்குள் அளவுக் குழாய் இறக்க நாங்கள் மூன்று நாள் போனோம். அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் சுவர்மேல் துணி மூடி ரொட்டி இருந்தது.

அந்தக் குழாய் எதற்கென்றால், மண் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பதற்கு. வீட்டை இடித்தாலும் அது அங்கேயே நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் நான் போய் அதற்குள் கருவியை இறக்கி அளவெடுக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் வீட்டை இடித்தார்கள். இடித்தவர்கள் குழாயின் கழுத்தைச் சுற்றி இருந்த சிமென்ட் மேடையையும் உடைத்துவிட்டார்கள். நான் புதிதாகச் சிமென்ட் கலந்து பூசிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். அக்கா. புதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மேட்டில் சுவரும் இல்லை, மாடமும் இல்லை. சிமென்ட் மேடையும் என் சாந்துச்சட்டியும்தான்.

"இது எவ்வளவு நாள் இருக்கும்?"

"குழாய் இருக்கிற வரைக்கும்."

"துளை நம்பர்தான எழுதுவீங்க?"

"ஆமா. ஏழு."

"கொஞ்சம் தள்ளு."

முட்டி போட்டு உட்கார்ந்தாள். பள்ளிவாசல் வகுப்பில் நாற்பது வயசுக்கு மேல் படித்த எழுத்து அவளுடையது. ஈரச் சிமென்ட்டில் ஆள்காட்டி விரலால், அரபியில், வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து எழுதினாள். ஃபாரிஸ், புதுநகர், கட்டடம் பதினாலு, இரண்டாம் மாடி, அம்மா. கீழே புதுப் போன் நம்பர். எண்ணை மட்டும் எல்லாரும் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலம் எழுதினாள். அப்படி எழுதும்போது என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டு, "உன் ஏழ ஒரு மூலையில போட்டுக்க" என்றாள்.

நான்கு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் மேடையைத் துடைப்பேன். எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு மை விடுவேன். அப்புறம்தான் அளவெடுப்பேன். அன்று சாயங்காலம் அக்கா, வீட்டுப் போன் சும்மா இருக்கட்டும் என்று, ஃபாரிஸ் விட்டுப்போன கைபேசியிலிருந்து என்னைக் கூப்பிடுவாள்.

போன மாதம் கருவி பாதியில் நின்றுவிட்டது. பதினாலு மீட்டர் அறுபதில். கல் முடிந்து களிமண் தொடங்குகிற அதே இடம். கல் தன்மேல் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு நகர்ந்ததில் குழாய் நசுங்கிப்போயிருந்தது. என் கை சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன புண்ணியம்? நசுங்கிய குழாய் செத்த குழாய். அதைப் பிடுங்கி, துளையை மூடி, மேடையை உடைத்து அப்புறப்படுத்தவேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

நான் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன். கீழே எழுதினேன்: "நீர்மட்டம் அளக்கப் பயன்படும். அகற்ற வேண்டாம்." அந்தக் குழாயில் நீர்மட்டம் அளக்க முடியாது. ராதியா இப்போது பெரிய அதிகாரி, அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"கையில ஏதாச்சும் தெரிஞ்சுதா மெஸ்ஊத் அண்ணே?"

"தெரிஞ்சுது" என்றேன்.

கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

திரும்பி வரும் வழியில் அக்கா கூப்பிட்டாள். வண்டியை ஓரம் கட்டினேன்.

"எவ்வளவு நகந்திருக்கு தம்பி?"

"பத்தொம்பது சென்டிமீட்டர்."

"அம்மாடி. எழுத்து..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு, இரு. போன் அடிக்குது."

எனக்கும் கேட்டது, அவள் வீட்டுக்குள் தூரத்தில் மணி. செருப்பு இழுபடும் சத்தம். என் கை தானாகப் போய் வண்டியின் எஞ்ஜினை அணைத்தது. ரோட்டோரம், ஜன்னலை ஏற்றிவிட்டு, காதோடு கைபேசியை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். மணி நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். யா அல்லா, இன்னும் பேசுகிறாளே, இன்னும் பேசுகிறாளே.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"என் தங்கச்சி" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ சொல்லு தம்பி. எழுத்து இருக்கா?"

"இருக்கு அக்கா" என்றேன்.